பயனில்லாக் கண்டுபிடிப்புப் போட்டி வைக்கப் போகிறோம், சிந்தோகு விதிகள் தெரிந்தவர்கள் வரவும்

வேளச்சேரி_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். மே மாத லீவில் எங்கள் அபார்ட்மென்ட் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் பொறுப்பு இந்த வருஷம் என் தலையில் விழுந்திருக்கிறது. மாறுவேடப் போட்டி, ஓவியப் போட்டி எல்லாம் அவர்களுக்கே அலுத்துப் போய்விட்டது. ஜப்பானில் சிந்தோகு என்று ஒரு சமாசாரம் உண்டல்லவா, ஒரு தொல்லையைத் தீர்க்கச் செய்து கடைசியில் யாருக்கும் உதவாமல் போகும் கண்டுபிடிப்பு, தவழும் குழந்தையின் உடுப்பில் தரை துடைக்கும் துணி தைத்து, அது தவழத் தவழ வீட்டுத் தரை சுத்தமாகும் என்பார்களே, அந்த மாதிரி ஒரு போட்டி வைத்தால் என்ன என்று வாட்ஸப் குழுவில் சும்மா கேட்டுவைத்தேன். அவ்வளவுதான், ராத்திரிக்குள் ஐடியாக்கள் வந்து குவிந்துவிட்டன.

இப்போது சிக்கல் என்னவென்றால், எது சிந்தோகு, எது வெறும் கோமாளித்தனம் என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. ஏழாவது படிக்கும் ஒரு பையன் நாலு கொசு பேட்டை சீலிங் ஃபேன் இறக்கைகளில் கட்டப் போகிறானாம். ஒரு பெண் ஸ்கூட்டர் சீட்டுக்கு மட்டும் ஒரு குட்டிக் குடை செய்கிறாள், வெயிலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் சுடக்கூடாதாம். இன்னொருவன் காலி டப்பாவைக் காட்டி "இதுதான் அங்கிள் எதுக்குமே பயன்படாத பொருள்" என்கிறான், அவனோடு வாதாடி ஜெயிக்க முடியவில்லை. போதாக்குறைக்கு எங்கள் செயலாளர் ஒரு ஸ்பான்சரைப் பிடித்து வைத்திருக்கிறார். முதல் பரிசு வாங்கும் பொருளை அவர்களே தயாரித்து விற்பார்களாம். சிந்தோகுவுக்குப் பத்து விதிகள் இருப்பதாகக் கேள்வி. அதில் எதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்?

பரண்மேல்_பூனை:

முதலில் அந்தக் கொசு பேட் பையனைத் தடுத்து நிறுத்துங்கள் சார். பேட் கழன்று பறந்தால் யார் மண்டை உடையும் என்று சொல்ல முடியாது, விதியெல்லாம் அப்புறம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதைத் தொடங்கியவர் கென்ஜி கவகாமி. 1980-களில் தபால் வழி விற்பனைப் பத்திரிகை ஒன்றுக்கு ஆசிரியராக இருந்தார். பத்திரிகையின் கடைசியில் பக்கம் மிஞ்சும்போது, யாரும் வாங்கவே முடியாத பொருட்களைச் செய்து படம் எடுத்துப் போட ஆரம்பித்தார். வெயில் அடித்தால் மட்டும் எரியும் சோலார் டார்ச், சொட்டு மருந்து குறி தப்பாமல் கண்ணுக்குள் விழ இரண்டு புனல் பொருத்திய மூக்குக் கண்ணாடி, இப்படி. பக்கம் பக்கமாக விற்பனைப் பொருட்களைப் பார்த்து வந்த வாசகன் கடைசியில் இதைப் பார்த்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். மனுஷன் இளமையில் மாணவர் போராட்டங்களில் இருந்தவர், நுகர்வு வெறி மீது அவருக்கு இருந்த எரிச்சல் முழுக்க இதில் இருக்கிறது.

பத்து விதிகளில் உங்களுக்கு முக்கியமானவை என்று நான் நினைப்பது: பொருளை நிஜமாகச் செய்து காட்டவேண்டும், காகிதத்தில் வரைந்தால் செல்லாது. அன்றாட வாழ்க்கைக்கான கருவியாக இருக்கவேண்டும். ஆனால் யாரும் நிஜமாகவே பயன்படுத்துகிற மாதிரி இருக்கக்கூடாது. சிரிக்க வைப்பது மட்டுமே நோக்கமாக இருக்கக்கூடாது. விற்கக்கூடாது, காப்புரிமை வாங்கக்கூடாது. ஆபாசம், அடுத்தவரை மட்டம் தட்டுவது, பிரசாரம் எதுவும் கூடாது. காலி டப்பா எந்தப் பிரச்சினையையும் தீர்க்க முயற்சிகூடச் செய்யவில்லை, அதனால் வெளியே. உங்கள் செயலாளரின் ஸ்பான்சரும் வெளியே.

ஒரு உதாரணம் சொல்கிறேன், அதிலேயே எல்லாம் விளங்கிவிடும். ஜப்பானில் போருக்குப் பிறகு மலை மலையாக சுகி என்ற ஒரு வகை தேவதாரு மரத்தை நட்டுவிட்டார்கள். வசந்த காலம் வந்தால் அதன் மகரந்தத்தால் ஊரே தும்முகிறது. அதற்கு ஒரு சிந்தோகு உண்டு. தலையில் தொப்பி மாதிரி ஒரு சட்டம், அதன் மேல் டாய்லெட் பேப்பர் உருளை, தாடைக்குக் கீழே வார். உருளையின் நுனி நெற்றிக்கு முன்னால் தொங்கும், மூக்கு ஒழுகும்போது பிடித்து இழுக்கவேண்டியது, கிழித்துச் சிந்தவேண்டியது, உருளை தானே சுற்றிக்கொள்ளும். கர்ச்சீப் தேடும் வேலை ஒழிந்தது, அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அதை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போகவேண்டும். பழைய தொல்லை தீர்ந்து அதைவிடப் பெரிய தொல்லை வந்தால் சிந்தோகு, அவ்வளவுதான்.

அரைக்கை_சட்டை:

எனக்கு இதில் என்ன அதிசயம் என்று புரியவில்லை ப்ரோ. நம்ம ஊரில் தடுக்கி விழுந்தால் இந்த மாதிரிதான். அறுந்த செருப்புக்கு ஊக்கு, உடைந்த வாளிக் கைப்பிடிக்குக் கயிறு, தண்ணீர் லாரி வந்தால் குழாயில் பழைய சைக்கிள் ட்யூபைச் செருகி மாடிப்படி வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிற எங்கள் தெரு ஆட்கள். இதற்கெல்லாம் யாரும் விதி எழுதவில்லை. ஜப்பான்காரன் செய்தால் மட்டும் கலையா?

பரண்மேல்_பூனை:

நீங்கள் சொன்னது எல்லாமே வேலை செய்கிறதே, அதுதான் தகராறு! ட்யூபைச் செருகினால் தண்ணீர் வந்துவிடுகிறது, மறுநாளும் செருகுவார்கள். அது ஒப்பேற்றுகிற சாமர்த்தியம், அதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. சிந்தோகுவை ஒருமுறை செய்து பார்த்த பிறகு மறுபடி தொடக்கூடாது என்று தோன்றவேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் ஸ்கூட்டர் சீட் குடைதான் எனக்குச் சந்தேகம். அது நிஜமாகவே நல்ல ஐடியா, தி.நகரில் பார்க்கிங் போடுகிற எல்லாரும் வாங்குவார்கள். குடையை விரித்தபடியே வண்டி ஓட்டவேண்டும் என்று வைத்தால் தேறும்.

ரிச்சி_தெரு_ரவுண்டு:

ஸ்பான்சர் விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. பயன்படாது என்பதை நாம் யார் முடிவு செய்ய? செல்ஃபி ஸ்டிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மினோல்டா கேமரா கம்பெனியில் வேலை பார்த்த ஹிரோஷி உவேதா 1980-களிலேயே கேமராவை நீட்டிப் பிடிக்கும் கோலுக்குக் காப்புரிமை வாங்கினார், அப்போது ஓடவில்லை. 1995-ல் வந்த சிந்தோகு புத்தகத்தில் அதே மாதிரி ஒரு கோல் உதவாத கண்டுபிடிப்புகளின் பட்டியலில் இருக்கிறது. இன்றைக்கு மெரினா பக்கம் போய்ப் பாருங்கள். போனில் முன்பக்க கேமரா வந்ததும் எல்லாம் தலைகீழாகிவிட்டது.

அதற்காகச் செயலாளருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்கவேண்டாம். விற்பார்கள் என்று சொன்ன உடனே அப்பா அம்மா உள்ளே இறங்கிவிடுவார்கள், பிள்ளைகள் செய்ய ஒன்றும் மிச்சம் இருக்காது. காப்புரிமை வாங்காமல் விட்டால் என்ன குடி மூழ்கிவிடும்? 1971-ல் கோபே நகரத்தில் கரோக்கி இயந்திரம் செய்த தைசுகே இனோவே அதற்குக் காப்புரிமை எடுக்கவே இல்லை, உலகமே பாடிக்கொண்டிருக்கிறது. 2004-ல் அவருக்கு அமைதிக்கான இக் நோபல் பரிசு கொடுத்தார்கள், நோபலைக் கிண்டல் செய்து, முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற வேலைகளுக்குக் கொடுக்கிற பரிசு அது. மனிதர்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளப் பழக முற்றிலும் புதிய வழி காட்டினாராம். எங்கள் மாடி வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் பாடுவதைக் கேட்டால் அந்தப் பரிசின் அருமை தெரியும்.

கணக்கு_டீச்சர்:

மதிப்பெண் எப்படிப் போடுவது என்று யாரும் சொல்லவில்லையே. என் யோசனை, ஒவ்வொரு பிள்ளையும் தான் செய்ததை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடை வரை போய்த் திரும்பட்டும். என்ன பிரச்சினை தீர்ந்தது, என்ன புதுப் பிரச்சினை வந்தது என்று சிரிக்காமல் விளக்கட்டும். கேட்கிறவர்கள் சிரிக்கலாம், சொல்கிறவர் சிரித்தால் மார்க் குறைப்பு.

சின்னப் பிள்ளைகளுக்குச் சுலபமாக ஒன்று வேண்டுமென்றால் முதுகு சொறியும் டி-ஷர்ட் இருக்கிறது. முதுகில் கட்டம் கட்டமாக வரைந்து எழுத்தும் எண்ணும் போட்டுவிடுவார்கள். அதே கட்டம் போட்ட சின்னப் படம் ஒன்று நம் கையில். அரிக்கிற இடத்தைப் படத்தில் பார்த்து "சி 4" என்று சொன்னால் பின்னால் நிற்பவர் சரியாக அங்கே சொறிவார். வகுப்பில் ஆயத்தொலைவு நடத்தும்போது இதைத்தான் செய்ய வைக்கிறேன், கிராஃப் பேப்பரில் தூங்கி வழிகிற பையன்கூட எழுந்து நின்றுவிடுகிறான்.

பெரிய பிள்ளைகளுக்கு ரயில் ஹெல்மெட். பின்பக்கம் ஒரு உறிஞ்சு கப், ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், தூங்கினாலும் தலை பக்கத்து ஆள் தோளில் சாயாது. முன்பக்கம் எங்கே எழுப்பவேண்டும் என்று ஒரு அட்டை. தாம்பரம் வண்டியில் "கிண்டி வந்தா எழுப்புங்க" என்று மாட்டிக்கொண்டு போனால் நம் ஜனங்கள் கட்டாயம் எழுப்புவார்கள், அதற்கு முன்னால் ஊர், வேலை, சம்பளம் எல்லாம் விசாரித்துவிட்டு.

வேளச்சேரி_வாசி:

எல்லாருக்கும் நன்றி. கொசு பேட் ரத்து. அந்தப் பையன் இப்போது சாம்பார் தெறிக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் வைப்பர் செய்கிறான், சட்டை தப்பித்தது, எதிரில் உட்காருகிறவர் கதி அதோகதி. செயலாளரிடம் விதியைப் படித்துக் காட்டினேன், முகம் சுருங்கிவிட்டது. ஸ்பான்சர் வந்தால் மோர் மட்டும் கொடுக்கட்டும் என்று முடிவாகியிருக்கிறது.

கடைசியாக ஒரு சந்தேகம். மூன்றாவது மாடியில் ரயில்வேயில் வேலை பார்த்து ரிடையர் ஆன பெரியவர் ஒருவர் இருக்கிறார். தானும் கலந்துகொள்வேன் என்று அடம்பிடித்து இப்போதே பால்கனியில் எதையோ ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருக்கிறார். வயது வரம்பு வைக்கலாமா?

கணக்கு_டீச்சர்:

வைக்காதீர்கள். ஆனால் ரம்பத்தைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லுங்கள்.