பழைய ஆறு சிலிண்டரா, புது மூணு சிலிண்டரா? உதவுங்க

வணக்கம் நண்பர்களே. ரெண்டு வண்டிக்கு நடுவுல முடிவெடுக்க முடியாம தவிக்கிறேன். ஒண்ணு 2005 மாடல் செடான், 2.5 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ (இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தி அனுப்புற கருவி) கிடையாது. இன்னொண்ணு ரெண்டே வருஷம் ஓடின சின்ன ஹேட்ச்பேக், 1.0 லிட்டர், மூணு சிலிண்டர் டர்போ.

ரெண்டையும் ஓட்டிப் பார்த்துட்டேன். பெரிய வண்டி 100-ல போகும்போது இன்ஜின் ஓடுறதே தெரியல, மிதிச்சா தயங்காம இழுக்குது. மனசு அங்கதான் நிக்குது. ஆனா கதவு ரப்பர் வெடிச்சிருக்கு, வால்வ் கவர் (இன்ஜின் மேல்மூடி) ஓரமா ஆயில் கசிஞ்சு தூசியோட அப்பியிருக்கு. சின்னது நிக்கும்போது ஸ்டியரிங்ல லேசா அதிருது. 2,000 ஆர்பிஎம் தாண்டினா நல்லா எழும்புது. ஆறு ஏர்பேக், ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் (வண்டி சறுக்காம பிடிக்கிற வசதி) இருக்கு. பின் சீட்டுல குழந்தைங்க உட்காருவாங்க, அதனால இது எனக்குப் பெரிய விஷயம்.

சின்னதுல பயம் என்னன்னா, டைரக்ட் இன்ஜெக்ஷன். பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள போறதால இன்டேக் வால்வை, அதாவது காத்து உள்ள வர்ற வால்வைக் கழுவாது, அதுல கார்பன் படியும். சில சின்ன டர்போ இன்ஜின்கள்ல டைமிங் பெல்ட் (வால்வுகளைச் சரியான நேரத்துல திறந்து மூட வைக்கிற பெல்ட்) ஆயிலுக்குள்ளயே ஓடுது. தப்பான ஆயில் ஊத்தினா பெல்ட் உதிர்ந்து ஆயில் போற வழியை அடைச்சிடும்.

தினமும் 15 கிலோமீட்டர், மாசம் ஒரு நீண்ட பயணம். இந்த மாதிரி வண்டிகளை 1 லட்சம் கிலோமீட்டர் தாண்டி ஓட்டினவங்க இருந்தா, முதல்ல எது செலவு வச்சதுன்னு சொல்லுங்க. பழசுல வேற எதைத் திறந்து பார்க்கணும்?