மண்டோர் வேலையும் விசுவாசமும்: குலைக் கணக்கில் எப்படி நடந்துகொள்வது?

தோட்டத்துப் பிள்ளை கேட்டது:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில், குலை வெட்டு வேலைக்கு மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராக, அண்மையில் பொறுப்பேற்றிருக்கிறேன். என் கீழ் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்தவர்கள், இந்தோனேசியர்கள். பாதையோரத்தில் அடுக்கியிருக்கும் குலைகளை எண்ணி, காயாக வெட்டியவற்றைக் கழித்து, அவரவர் பெயரில் புத்தகத்தில் எழுதுவது என் பொறுப்பு. கூலி அந்தக் கணக்குப்படிதான். காய்க்குலை என்ற பெயரில் கொஞ்சம் கூடுதலாகவே கழிப்பது இங்கே நெடுநாள் வழக்கம். மொழி தெரியாததால் அவர்களும் வாய் திறப்பதில்லை. எல்லாரும் செய்வதுதானே என்கிறார் மூத்த மண்டோர். போதாக்குறைக்கு, விளைச்சல் மிகுந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் வெட்டு நடப்பதால் ஆராதனைக்குப் போக முடிவதில்லை. இந்த வேலையை விட்டுவிடுவதுதான் சரியா?

பழைய கிராணி:
தம்பி, அவசரப்பட்டு வேலையை விட்டுவிடாதீர்கள். லூக்கா 3-ஆம் அதிகாரத்தில் வரி வசூலிப்பவர்களும் போர்ச்சேவகர்களும் யோவான் ஸ்நானகனிடம் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். வரி வசூலிப்பவன் அக்காலத்து யூதர்களின் கண்ணில் எவ்வளவு இழிவானவன் என்பது நமக்குத் தெரியும். அப்படியிருந்தும் தொழிலை விடும்படி யோவான் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதே, யாரையும் மிரட்டிப் பறிக்காதே, உன் சம்பளம் போதுமென்றிரு என்றுதான் சொன்னார். லேவியராகமம் 19-இல் அந்நியனை ஒடுக்காதே என்ற கட்டளை 33, 34-ஆம் வசனங்களில் வருகிறது. அளவிலும் நிறையிலும் அநியாயம் செய்யாதே என்பது அதை ஒட்டியே 35-ஆம் வசனத்தில் வருகிறது. பழுத்த குலையைக் காய் என்று எழுதுகிற மண்டோரை அந்த இரண்டு கட்டளைகளும் சேர்ந்தே பிடிக்கின்றன.

நான் தோட்டத்தில் இருந்த காலத்தில், கழிக்க வேண்டிய குலையை வெட்டியவரின் கண்முன்னே புரட்டி, பழம் உதிர்ந்த குழி ஒன்றுகூட இல்லை என்று விரலால் தொட்டுக் காட்டுவேன். அவர் தலையசைத்த பிறகுதான் புத்தகத்தில் எழுதுவேன். அதற்கு வங்காள மொழியும் வேண்டாம், மலாயும் வேண்டாம். ஒரு குழியாவது தெரிந்து, மரத்தடியில் உதிரிப்பழமும் கிடந்தால், வாதமே இல்லை, அவர் கணக்கில் சேர்த்துவிடுவேன்.

சபைப் பொருளாளர்:
ஐயா சொன்னது சரி. ஆனால், கழிவு குறைந்தால் மண்டோர் சலுகை காட்டுகிறார் என்று மேலிடம் சந்தேகிக்கிற தோட்டங்களும் உண்டு என்பதைத் தம்பி மறக்கக் கூடாது. ஆகவே கழித்த குலைகளைத் தனியாக அடுக்கி வையுங்கள். தோட்ட மேலாளரான துரையோ அவருடைய உதவியாளரோ வந்து பார்த்தால் கணக்கு தானே நிற்கும். கூடுதலாகக் கழிக்கச் சொன்னால், அதை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள். 2025 பிப்ரவரி முதல் நடப்பிலிருக்கும் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம், குலைக் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கும் பொருந்தும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

லயத்து அக்கா:
தம்பி கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மண்டோர் ஆனவுடன் ஆட்கள் கைமாற்று கேட்டு வருவார்கள். பலர் அதையே வட்டித் தொழிலாக்கிக்கொள்கிறார்கள். ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டி வாங்காதே என்கிறது யாத்திராகமம் 22:25. கடனுக்கு ஈடாக அவர்களுடைய பாஸ்போர்ட்டை வாங்கி வைப்பது சட்டப்படியும் குற்றம். ஆள் பிடித்து வந்த கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்த காலத்தில் கடன் கணக்கில் சிக்கித் தவித்தவர்கள் நம்முடைய பாட்டன்மார்தான். அந்தக் கணக்குப் புத்தகம் இன்று நம் கையில் இருப்பதால், இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்தில் நான் துரையைக் குறை சொல்ல மாட்டேன். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். பழம் நமக்காகக் காத்திருக்காது. வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், அது ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்காரர் தம்முடன் வேலை செய்த இந்து மண்டோரிடம், தைப்பூசத்துக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் உங்கள் பெரட்டை (காலையில் ஆள்கணக்கு எடுப்பதை) நான் பார்த்துக்கொள்கிறேன், ஞாயிறு காலையில் என்னுடையதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பேசி வைத்துக்கொண்டார். இருவரும் ஓய்வு பெறும் வரை அந்த ஏற்பாடு நடந்தது. தம்பியும் முதலில் அந்த மூத்த மண்டோரிடமே கேட்டுப் பார்க்கலாம். குலைக் கணக்கில் உங்களோடு ஒத்துப்போகாதவர் இதற்கு ஒத்துக்கொள்ளக்கூடும்.

தோட்டத்துப் பிள்ளை:
மூவருக்கும் நன்றி. கழித்த குலைகளைத் தனியாக அடுக்குவதை இந்த வாரமே தொடங்குகிறேன். மூத்த மண்டோரிடம் தைப்பூசத்தைப் பற்றிப் பேசிவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுகிறேன்.