வாவி நீரில் பற்றீரியா எண்ணப் போனால் எல்லாமே சிவப்பாக ஒளிர்கிறது: புளோரசன்ஸ் நுணுக்குக்காட்டி தெரிந்தவர்கள் உதவவும்

வாவிக்கரை
வணக்கம். மட்டக்களப்பு வாவியில் ஒரு மில்லிலீற்றர் நீரில் எத்தனை பற்றீரியா இருக்கிறது என்று நேரடியாக எண்ணுவதுதான் என் இறுதியாண்டு ஆய்வு. பாலமீன்மடு முகத்துவாரம், கல்லடிப் பாலத்தடி, வலையிறவுப் பாலத்தடி ஆகிய இடங்களில் மாதிரி எடுக்கிறேன். எடுத்த கையோடு, உயிர்களைக் கொன்று கெடாமல் வைக்கும் போமலினைச் சேர்த்து ஐஸ் பெட்டியில் வைத்துவிடுவேன். பிறகு அக்ரிடின் ஒரேஞ் சாயம் போட்டு, 0.2 மைக்ரோமீற்றர் மென்படல வடியில் வடித்து, 470 நனோமீற்றர் நீல எல்.ஈ.டி. பொருத்திய நுணுக்குக்காட்டியில் 100 மடங்கு எண்ணெய் வில்லையால் பார்க்கிறேன்.

கறுத்த பின்புலத்தில் பச்சைப் புள்ளிகள் தெரிய வேண்டும் என்றுதான் படித்தேன். எனக்குத் தெரிவது சிவப்பும் செம்மஞ்சளுமாகப் பெரிய உருண்டைகள். பின்புலமோ பச்சைப் புகை மூட்டம். சின்னப் புள்ளிகளும் இருக்கின்றன, ஆனால் குவியத்தைக் கொஞ்சம் அசைத்தால் அவை மறைந்து வேறு புள்ளிகள் வருகின்றன. எண்ணி முடிப்பதற்குள் எல்லாம் மங்கியும் போகிறது. முகத்துவார மாதிரி பரவாயில்லை, வலையிறவு மாதிரிதான் மோசம். சாயத்தைக் கூட்டவா, வெளிச்சத்தைக் கூட்டவா? சேர் அடுத்த கிழமைதான் வருவார்.

மாங்காய்ச்சம்பல்
வெளிச்சத்தை முழுசாகக் கூட்டிவிட்டு ஃபோன் கமராவில் படம் எடுத்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாததும் விழும். அப்புறம், அக்ரிடின் ஒரேஞ்சில் சிவப்பு என்றால் உயிருள்ளது, பச்சை என்றால் செத்தது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். உங்கள் வாவி நல்ல உயிர்ப்போடு இருக்கிறது போல!

கண்டல்காடு
தம்பி, இப்போதைக்கு எதையும் கூட்ட வேண்டாம். முதலில் இரண்டு வழுக்கிகள் (நுணுக்குக்காட்டியில் வைக்கும் கண்ணாடித் தகடுகள்) செய்யுங்கள். ஒன்று, சாயமே போடாத வலையிறவு நீர். மற்றது, 0.2 மைக்ரோமீற்றரில் வடித்த நீரில் அதே போமலின், அதே சாயம் சேர்த்தது. இரண்டையும் அதே வடியில் வடித்து, அதே வெளிச்சத்தில் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். இந்த இரண்டும் இல்லாமல் யார் என்ன சொன்னாலும் ஊகம்தான், நான் சொல்வது உட்பட.

மாங்காய்ச்சம்பல், போமலின் ஊற்றிய நீரில் எது உயிரோடு இருக்கும்? அக்ரிடின் ஒரேஞ் இரட்டை இழை டி.என்.ஏ.க்குள் தனித்தனியாகப் புகுந்தால் பச்சை, ஏறத்தாழ 525 நனோமீற்றர். ஆர்.என்.ஏ.யில் அடுக்காக ஒட்டினால் சிவப்பு, ஏறத்தாழ 650. சாயத்தின் செறிவு கூடினாலே நிறம் மாறிவிடும். உயிர் இருக்கிறதா இல்லையா என்று இதை வைத்துச் சொல்வதை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள்.

அக்கரைப்பற்று எம்.எல்.ரி.
நான் சளி மாதிரி பார்க்கிற ஆள், வாவி நீர் தெரியாது. ஆனால் நீல எல்.ஈ.டி.யோடு தினமும் குடும்பம் நடத்துகிறேன். காசநோய்க் கிருமிக்கு நாங்கள் ஓரமீன் சாயம் போடுவோம். 2011இல் உலக சுகாதார நிறுவனம் பழைய பாதரச விளக்குகளுக்குப் பதிலாக எல்.ஈ.டி.யைப் பாவிக்கச் சொன்னது. பாதரச விளக்கு சில நூறு மணித்தியாலத்தில் முடிந்துவிடும், எல்.ஈ.டி. பல்லாயிரம் மணித்தியாலம் ஓடும். இருட்டறையும் கட்டாயமில்லை.

தம்பி, உங்கள் கருவி காசநோய்ப் பரிசோதனைக்கு என்று வந்ததா? அப்படியானால் கண்பக்கத்தில் இருக்கும் தடுப்பு வடிகண்ணாடி ‘நீண்ட அலை எல்லாம் உள்ளே வரட்டும்’ வகையாக இருக்கலாம். எங்களுக்கு அது பிரச்சினை இல்லை, ஏனென்றால் பெர்மாங்கனேற் போட்டுப் பின்புலத்தை அணைத்துவிடுகிறோம். சளிக்குள் பாசியும் இல்லை. வாவி நீருக்கு அது சரிவருமா என்று பாருங்கள்.

இன்னொன்று. ஓரமீன் போட்ட வழுக்கியை வெளிச்சத்தில் வைத்தால் ஒளிர்வு போய்விடும், அதனால் இருட்டில் மூடி வைத்து ஒரு நாளுக்குள் பார்த்துவிடுவோம். உங்கள் சாயம் மங்குவதும் அதே கதைதான். வெளிச்சத்தைக் கூட்டினால் இன்னும் வேகமாக மங்கும்.

வாவிக்கரை
நன்றி காக்கா. ஆமாம், காசநோய்க்கென்று வந்த இணைப்புத்தான். தடுப்பு வடிகண்ணாடியின் உறையில் 515 என்று மட்டும் போட்டிருக்கிறது.

வழுக்கிகள் இரண்டும் பார்த்தாயிற்று. சாயம் போடாத வலையிறவு நீரிலும் சிவப்பு, செம்மஞ்சள் உருண்டைகள் அப்படியே இருக்கின்றன! பச்சைப் புள்ளிகள் மட்டும் இல்லை. வடித்த நீர் வழுக்கியில் உருண்டை இல்லை, ஆனால் பச்சைப் புகை அதேபோல இருக்கிறது, அங்கங்கே சில பச்சைப் புள்ளிகளும் உண்டு. வடித்த நீரில் எப்படிப் பற்றீரியா? கண்டல்காடு, உங்களை அண்ணா என்பதா அக்கா என்பதா தெரியவில்லை, மன்னிக்கவும்.

கண்டல்காடு
அக்காதான். அருமையான விடை கொண்டு வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இருப்பது ஒரு பிரச்சினை இல்லை, மூன்று.

சிவப்பு உருண்டைகள் பாசி. நீல ஒளி பட்டால் பச்சையம் தானாகவே 680 நனோமீற்றர் அளவில் சிவப்பாக ஒளிரும், அதற்குச் சாயமே தேவையில்லை. செம்மஞ்சளாகத் தெரிபவற்றில் பல, பைக்கோஎரித்திரின் என்ற நிறமி உள்ள நீலப்பச்சைப் பற்றீரியாக்களாக இருக்கும். வலையிறவுப் பக்கம் வயல் நீர் வந்து சேரும் இடம், பசளையும் சேரும், பாசி கூடுவதில் ஆச்சரியமில்லை. முகத்துவாரம் திறந்திருந்தால் அங்கே கடல்நீர் வந்து கலக்கும். காக்கா சொன்ன 515 கண்ணாடி, அந்த அலைநீளத்துக்கு மேல் வரும் எல்லாவற்றையும் உள்ளே விடுகிறது. உமிழும் ஒளியின் அலைநீளம் உறிஞ்சிய ஒளியினதை விட நீளமாக இருக்கும் என்று ஸ்ரோக்ஸ் 1852இலேயே எழுதிவிட்டார். ஆகவே சாயத்தின் பச்சையும் பாசியின் சிவப்பும் ஒரே கதவால் வருகின்றன. 510 முதல் 550 வரை மட்டும் விடும் பட்டை வடிகண்ணாடி கிடைத்தால் போட்டுப் பாருங்கள், சிவப்பு பெரும்பாலும் போய்விடும். கிடைக்காவிட்டாலும் குடிமுழுகிவிடாது. சாயமில்லாத வழுக்கியில் பாசி எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்கிக்கொண்டு, அவற்றைத் தள்ளிவிட்டு எண்ணலாம்.

அடுத்தது புகை. உங்கள் வடி வெள்ளை நிறமா? கொலனி எண்ண வைத்திருக்கும் செலுலோஸ் நைத்திரேற் வடியாக இருந்தால் எண்ணிக்கை வரவே வராது. அது சாயத்தை உறிஞ்சித் தானே ஒளிரும். உள்ளே பஞ்சு மாதிரி இருப்பதால் பற்றீரியா வெவ்வேறு ஆழத்தில் சிக்கும். குவியத்தை அசைத்தால் வேறு புள்ளிகள் வருவது அதனால்தான். இதற்கு வேண்டியது தட்டையான பொலிகார்பனேற் வடி, அதுவும் கறுப்பு. 1977இல் ஹொபியும் கூட்டாளிகளும் இந்த முறையை வெளியிட்டபோது வடியை இர்கலன் பிளாக் என்ற சாயத்தில் ஊறவைத்துக் கறுப்பாக்கினார்கள். இப்போது கறுப்பாகவே வாங்கலாம்.

வடித்த நீரில் வந்த பச்சைப் புள்ளிகளுக்குக் காரணம் உங்கள் சாயக் கரைசலாக இருக்கலாம், போமலினாகவும் இருக்கலாம். போத்தலில் கிடக்கும் கரைசலில் பற்றீரியாவும் குப்பையும் சேரும். இரண்டையும் பாவிக்கும் நாளில் 0.2இல் வடித்துக்கொள்ளுங்கள். அப்போதும் சில புள்ளி இருக்கும், அந்த எண்ணிக்கையை ஒவ்வொரு மாதிரியிலிருந்தும் கழிக்க வேண்டும்.

கையுறை போடாமல் அக்ரிடின் ஒரேஞ்சைத் தொட வேண்டாம். டி.என்.ஏ.யில் ஒட்டும் சாயம் உங்கள் டி.என்.ஏ.யை மட்டும் விட்டுவைக்குமா?

மாங்காய்ச்சம்பல்
சரி, உயிர்-செத்தது கதையை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் இவ்வளவு கஷ்டப்படுவதை விட டாபி சாயம் போடலாமே? அது நீலமாகத் தெரியும், பாசியின் சிவப்போடு குழம்பாது.

கண்டல்காடு
நல்ல சாயம்தான், கடல்நீர் எண்ணுபவர்கள் பலர் அதைத்தான் பாவிக்கிறார்கள். ஆனால் அதற்கு 360 நனோமீற்றர் அளவில் புற ஊதா ஒளி வேண்டும். தம்பியிடம் இருப்பது 470. இந்த விளக்குக்குப் பொருந்துவது சைபர் கிரீன், பின்புலமும் நன்றாக இருக்கும். விலைதான் கையைக் கடிக்கும்.

வாவிக்கரை
அக்கா, வடி வெள்ளைதான். பக்கத்து ஆய்வுகூடத்தில் 25 மில்லிமீற்றர் கறுப்பு வடி கொஞ்சம் இருக்கிறதாம், கேட்டிருக்கிறேன். எவ்வளவு நீர் வடிப்பது? இதுவரை 10 மில்லிலீற்றர் வடித்தேன்.

கண்டல்காடு
10 மிகவும் அதிகம். கடற்கரை நீரிலேயே மில்லிலீற்றருக்குப் பத்து இலட்சம் அளவில் இருக்கும், வாவியில் அதற்கு மேல் எதிர்பாருங்கள். 1 மில்லிலீற்றரில் தொடங்குங்கள், வலையிறவுக்கு அதுவும் கூடினால் அரை. ஆனால் அந்தக் கொஞ்சத்தை அப்படியே ஊற்றினால் ஒரு மூலையில் குவிந்துவிடும், வடித்த நீரில் 5 மில்லிலீற்றர் அளவுக்குக் கலந்து ஊற்றுங்கள். ஒரு பார்வைப்புலத்தில் 30 அளவில் விழுந்தால் எண்ண வசதி. குறைந்தது 20 புலம், மொத்தம் 400க்கு மேல். ஓர் இடத்தில் குவியத்தைப் பிடித்துவிட்டு, வெளிச்சம் படாத புதிய இடத்துக்கு நகர்ந்து எண்ணுங்கள், மங்கல் தொல்லை பாதி குறையும்.

ஒரு புலத்தில் எண்ணியதை வடி முழுவதற்கும் கணக்குப் போடும்போது 25ஐ விட்டமாக எடுக்க வேண்டாம். நீர் கடக்கும் வட்டம் அதைவிடச் சிறியது, புனலின் உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். போமலினில் வைத்தாலும் நாள் போகப் போக எண்ணிக்கை குறையும், ஆகவே எடுத்த நீரைச் சீக்கிரம் வடித்து, வடியை உறைநிலையில் வையுங்கள்.

அக்கரைப்பற்று எம்.எல்.ரி.
எண்ணெயும் ஒளிராத வகையா என்று போத்தலைப் பாருங்கள் தம்பி, சாதாரண எண்ணெய் சில தானே ஒளிரும். வேலை முடிந்ததும் வில்லையைத் துடைத்துவிட்டு எழும்புங்கள். மாரி தொடங்கினால் எங்கள் பக்கத்து ஈரத்துக்கு வில்லைக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும், அது வந்தால் எந்தச் சாயமும் காப்பாற்றாது.

வாவிக்கரை
சரி காக்கா. அக்கா, கறுப்பு வடி தருவதாகச் சொல்லிவிட்டார்கள். கல்லடி நீரை முதலில் எண்ணிவிட்டு வெறும் வழுக்கியின் எண்ணிக்கையோடு சேர்த்து இங்கே போடுகிறேன்.