முக்கோண அளவையைச் சூத்திரம் இல்லாமல் விளக்குவது எப்படி?

காவேரிப்பட்டினத்தில் மாதம் ஒரு மாலை அறிவியல் வரலாறு பேசுகிறோம். வருபவர்கள் மாந்தோப்புக்காரர்கள், கடைக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். தென்னிந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த ஆங்கிலேய அதிகாரி லாம்ப்டனின் நில அளவை பற்றிய பேச்சு பாதியில் நின்றுவிட்டது. அடுத்த மாதம் முடித்தாக வேண்டும்.

கதையில் பிரச்சினை இல்லை. 1802-ல் பரங்கிமலைக்குத் தெற்கே, வெயிலில் எஃகுச் சங்கிலி நீண்டுவிடக் கூடாதென்று கூடாரம் போட்டு, முதல் முக்கோணத்தின் பக்கமாக சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை அளந்தார்கள். 1808-ல் தஞ்சாவூர்க் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட் கருவி சுவரில் மோதி நசுங்கியது. அதை லாம்ப்டனே தட்டிச் சரிசெய்தார். ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

"சரி, சங்கிலி பிடிக்காமலே மீதித் தூரம் எப்படித் தெரிஞ்சுது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். சைன் என்றதும் எல்லார் கையிலும் போன்.

கரும்பலகை, புரொஜெக்டர், அனிமேஷன் எல்லாம் பார்த்தாயிற்று. பாகைமானியில் ஸ்ட்ரா ஒட்டிப் புளியமரத்தின் தூரத்தையும் கணக்கிட்டோம். பிள்ளைகளுக்குப் பிடித்தது, பெரியவர்கள், "இதுக்கு டேப்பே போதுமே" என்றார்கள். நியாயம்தான்.

இடம் திறந்தவெளி, நேரம் 40 நிமிடம், சீக்கிரம் இருட்டிவிடும்.

ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கமும் கிடைக்கும் என்பதை, பெரியவர்கள் தாங்களே செய்து பார்த்து நம்பும்படி காட்ட யாரிடமாவது வழி இருக்கிறதா?