இங்கிலீஷ் சார் கொடுத்த காலண்டர் தாள் யாரிடமாவது இருக்கிறதா?

பர்கூர்_96:
எல்லாருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி பக்கத்தில் நம் விடுதிப் பள்ளியில் 1990 முதல் 96 வரை படித்தவன் நான். நம் இங்கிலீஷ் சாருக்கு வருகிற மே மாதம் 80 முடிகிறது. மகள் வீட்டில் இருக்கிறார். போன வாரம் போய்ப் பார்த்தேன், காது கொஞ்சம் மந்தம், மற்றபடி பேச்சு அதே பேச்சு. பொன்னாடை, கேடயம் எதுவும் வாங்கிக்கொண்டு வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எனக்கு ஒரு யோசனை. ஸ்டாஃப் ரூம் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து, பின்பக்கம் ஒரு இங்கிலீஷ் வார்த்தை எழுதி நம்மில் ஒருத்தர் கையில் கொடுப்பாரே, ராத்திரி சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அந்த வார்த்தையை மூன்று பேரிடம் மூன்று விதமாகப் பேசிவிட்டு வந்து அவரிடம் சொல்ல வேண்டுமே, அந்தத் தாள்கள் யாரிடமாவது இருக்கின்றனவா? கிடைத்ததை எல்லாம் ஒரு நோட்டாகத் தைத்துக் கொடுக்கலாம். தாள் இல்லாவிட்டால் வார்த்தையாவது எழுதுங்கள். எனக்கு வந்தது 'ரிலக்டன்ட்', மனமில்லாத. களி வேண்டாம் என்று நான் தட்டைத் தள்ளியதைப் பார்த்துவிட்டு மறுநாள் கொடுத்தார்.

வேப்பனப்பள்ளி:
தாள் இல்லை, மழையில் பெட்டியோடு போய்விட்டது. வார்த்தை 'த்ரெஷோல்ட்', வாசற்படி.

எனக்கு வீட்டில் தெலுங்கு, எங்கள் பக்கம் நிறையப் பேருக்கு அப்படித்தான். ஆறாம் வகுப்பு சேர்ந்த புதிதில் எழுந்து நின்று 'மை இஸ்கூல்' என்று படித்தேன், ஊரில் எல்லாரும் 'இஸ்கூலு' என்று சொல்லிக் கேட்ட வாய் அது. வகுப்பே சிரித்தது. சார் யாரையும் அதட்டவில்லை. போர்டில் 'இராமன்' என்று எழுதி, இந்த 'இ' எங்கிருந்து வந்தது என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. தமிழில் ரகரத்தில் சொல் தொடங்காது, அதனால் ராமனை உள்ளே கூப்பிட முன்னால் ஒரு இகரத்தைப் படியாகப் போட்டார்கள், இவனும் ஸ்கூலுக்கு அதே படியைத்தான் போடுகிறான், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றார். அப்புறம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, பாம்பு சீறுகிற மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்து அந்த மூச்சிலேயே 'கூல்' சேர்க்கச் சொன்னார். பத்துப் பதினைந்து தடவை சொல்லியிருப்பேன், வந்துவிட்டது. அன்றைக்குப் பிறகு வகுப்பில் எழுந்து படிக்க நான் பயந்ததே இல்லை.

ஊத்தங்கரை:
அண்ணா, நான் உங்களுக்கு இரண்டு வருடம் பின்னால். என் வார்த்தை 'ஆர்ச்சர்ட்', பழத்தோட்டம். தாள் பத்திரமாக இருக்கிறது, மே மாதம் கையிலேயே கொண்டு வருகிறேன்.

சார் மாம்பழத்தை வைத்து 'ஹேவ்' நடத்தியது உங்களுக்கு நடந்ததா? எங்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு செந்தூரா கொடுத்தார். சாப்பிட்டு முடித்ததும், நேற்றுச் சாப்பிட்டால் 'ஐ ஏட்', அது முடிந்த கதை, இப்போது கையை முகர்ந்து பாருங்கள், வாசனை இருக்கிறதா, அதுதான் 'ஐ ஹேவ் ஈட்டன்', தமிழில் 'சாப்பிட்டிருக்கிறேன்' என்று சொல்லும்போது வருகிற அந்த 'இருக்கிறேன்'தான் இது என்றார். நான் இன்று ஓசூரில் டியூஷன் எடுக்கிறேன், சீசன் வந்தால் இதே பாடத்தை இதே மாதிரிதான் நடத்துகிறேன். சீசன் இல்லாத மாதங்களில் ஆரஞ்சு.

தொரப்பள்ளிக்குக் கூட்டிப் போனதையும் சொல்ல வேண்டும். அன்னை சத்யா அரசு பஸ்ஸில் ஓசூர் போய் அங்கிருந்து இன்னொரு பஸ். 1878இல் ராஜாஜி பிறந்த வீட்டுத் திண்ணையில் எங்களை உட்கார வைத்து, இந்த ஊர்ப் பையன்தான் பின்னால் இங்கிலீஷிலும் தமிழிலும் எழுதினார், கவர்னர் ஜெனரலாகவும் இருந்தார், இரண்டு மொழியும் ஒரே கையில் இருக்கலாம் என்று சொன்னார். அப்போது நாம் எல்லாரும் தர்மபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி 2004இல்தானே தனியானது.

தளி:
நான் பெண்கள் விடுதி. என்னிடம் இரண்டு தாள் இருக்கிறது. ஒன்றில் 'மிஸ்சிஃப்', குறும்பு. மற்றதில் ஒன்றும் இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் அப்பா தவறிவிட்டார், காரியம் முடிந்து பதினாறு நாள் கழித்துத் திரும்பி வந்தேன். மறுநாள் காலை வராந்தாவில் சார் என்னை நிறுத்தினார். பையிலிருந்து தாளை எடுத்தார், பேனாவைத் திறந்தார், கொஞ்ச நேரம் அப்படியே நின்றார், பிறகு பேனாவை மூடிவிட்டு வெறும் தாளை மடித்துக் கொடுத்தார். "உனக்கு எப்ப வார்த்தை வருதோ அப்ப நீயே எழுதிக்கோம்மா, ராத்திரி வந்து சொல்ல வேண்டாம்." அவ்வளவுதான். நான் இதுவரை எதுவும் எழுதவில்லை, ஆனால் வீடு மாறும்போதெல்லாம் முதலில் எடுத்து வைப்பது அதைத்தான். எழுதாத தாளையும் நோட்டில் சேர்ப்பீர்களா?

பர்கூர்_96:
கட்டாயம் சேர்ப்போம். தயவுசெய்து கூரியரில் போடாதீர்கள், தொலைந்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. இரண்டாவது ஞாயிறு நானே தளி வந்து வாங்கிக்கொள்கிறேன். ஊத்தங்கரைத் தம்பி, பழம் உன் பொறுப்பு, செந்தூராவே கொண்டு வா. சாருக்கு இப்போது சர்க்கரை இருக்கிறது, ஒரு துண்டுதான் கொடுக்கலாம் என்று மகள் சொன்னார்.