தக்காளி இலையில பிசுபிசுப்பு போயிடுச்சு, வெள்ளை ஈ மொய்க்குது. அவசரம்!

ஜெயநகர்_மாடி: நாத்தா இருந்தப்போ தொட்டாலே ஒட்டும். இப்ப ஒட்டவே இல்ல. இலையில ஒட்டற அந்தப் பொடி முடி திரும்ப முளைக்க என்ன தெளிக்கணும்?

வெண்டைக்காய்: என்ன ரகம்? எத்தனை மணி நேரம் வெயில்? இலை சுருண்டிருக்கா? போட்டோ எங்க?

மண்புழு_மாமா: யூரியா கொட்டியிருப்பீங்க. பஞ்சகவ்யம் ஊத்துங்க, முடி தானா வரும்.

வெண்டைக்காய்: மாமா, போன வாரம் ரோஜாவுக்கும் இதையேதான் சொன்னீங்க.

ஜெயநகர்_மாடி: ரகம் தெரியல, நர்சரி நாத்து. யூரியா போடல. கிளை கிள்ளினா விரல் கறுத்துப்போகுது, சோப்பு போட்டா மஞ்சளா ஓடுது. இது நோயா?

இலையியல்: இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் எழுதறது? தேடிப் பார்க்கிற பழக்கமே யாருக்கும் இல்ல. சரி, கேளுங்க. தக்காளியில ஒரே முடி இல்ல, எட்டு வகையா பிரிச்சிருக்காங்க. விரல் கறை ஆறாம் வகையோடது. நாலு செல் சேர்ந்த குட்டித் தலை, தொட்டா உடையும், தக்காளிச் செடி வாசனை அதுலதான். அப்போ அது நல்லாத்தான் இருக்கு, நோயில்ல. நாத்துல ஒட்டினது முக்கியமா நாலாம் வகை. சர்க்கரையோட கொழுப்பு அமிலம் சேர்ந்த பசையைச் சுரக்கும், சின்னப் பூச்சி கால் மாட்டிக்கும். நாம வளர்க்கிற தக்காளியில அது விதையிலை, முதல் சில இலையோட சரி. பென்னெல்லி மாதிரி காட்டுத் தக்காளியிலதான் வளர்ந்த செடியிலயும் இருக்கும். இலை பிஞ்சா இருக்கும்போதே மேல்தோல் செல்லு முடியா மாறிடும். விரிஞ்ச இலையில எதைத் தெளிச்சாலும் முளைக்காது.

கொத்தமல்லி: ஜாஸ்மோனேட்ங்கற செடி ஹார்மோன் தெளிச்சா புது இலையில முடி கூடும்னு படிச்சேனே?

இலையியல்: கூடும். ஆய்வுக்கூடத்துல. கே.ஆர். மார்க்கெட்டுல மல்லிப்பூ வாங்கிப் பிழிஞ்சு ஊத்திடாதீங்க.

வெண்டைக்காய்: முடி ஜாஸ்தியானா நல்ல பூச்சியும் மாட்டும். சிலந்திப்பேனைத் தின்ன விடற வேட்டைப்பேனே தக்காளித் தண்டுல சிக்கிச் செத்துப்போகும். மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுங்க. சாயங்காலம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்பு கரைச்சு இலையோட அடியில அடிங்க. அடுத்த தடவை ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தோட அர்கா ரக்ஷக் ஹைப்ரிட் போடுங்க, இலைச்சுருட்டு வைரஸைத் தாங்கும்.

மண்புழு_மாமா: ஹைப்ரிட்ல ரசம் வெச்சுப் பாருங்க, புளிப்பே இருக்காது. நாட்டுத் தக்காளிதான்.

கொத்தமல்லி: ரசத்துக்குப் புளி எதுக்கு இருக்கு மாமா?

மண்புழு_மாமா: பெங்களூர் வந்து எல்லாரும் சாம்பாருக்கே வெல்லம் போட ஆரம்பிச்சாச்சு, உங்ககிட்ட என்ன பேசறது!

ஜெயநகர்_மாடி: அட்டை கட்டிட்டேன், நிறைய ஒட்டியிருக்கு. நன்றி எல்லாருக்கும்.

வெண்டைக்காய்: இலை சுருண்டிருக்கான்னு கேட்டேனே? சுருண்டிருந்தா அந்தச் செடியைப் பிடுங்கிடுங்க, ஈ வைரஸை மத்ததுக்கும் கொண்டுபோகும்.

வெண்டைக்காய்: ஹலோ?