ஆர்.ஓ. தண்ணீரில் இன்னும் டி.டி.எஸ். குறைக்க வழி சொல்லுங்க

வணக்கம். இன்வெர்ட்டர் பேட்டரிகளுக்கு ஊற்ற தண்ணீர் வேண்டும்; டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) 2 பி.பி.எம்.முக்குக் கீழே இருக்கணும். போர்வெல் தண்ணீர் 1100 பி.பி.எம். 75 ஜி.பி.டி. (நாளைக்கு 75 காலன்) மெம்பிரேன், அதாவது உப்பைத் தடுக்கும் சவ்வு; பூஸ்டர் பம்பில் அழுத்தம் 70 பி.எஸ்.ஐ.

டி.டி.எஸ். கன்ட்ரோலரை முழுசா மூடியாச்சு. அது கொஞ்சம் திறந்திருந்தாலே போர் தண்ணீர் கலந்துவிடும், பலர் இதைப் பார்ப்பதே இல்லை. மெம்பிரேனின் ரப்பர் சீல் சரியாக உட்கார்ந்திருக்கு. கழிவுக் குழாயில் 300 எஃப்.ஆர். (கழிவு நீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) எடுத்துவிட்டு 450 போட்டதில் டி.டி.எஸ். 62 இருந்தது 48 ஆனது. ராத்திரி முழுக்க நின்றுவிட்டு காலையில் போட்டால் முதல் டம்ளர் 180 காட்டும், மூணு நிமிஷத்தில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைப் பிடிப்பதில்லை.

அடுத்து, மிச்ச உப்பைப் பிடிக்க அரை லிட்டர் மிக்ஸட் பெட் ரெசின் (உப்பு அயனிகளை உறிஞ்சும் மணிகள்) வைத்தாச்சு. மீட்டரில் 0 வருது. ஆனால் 250 லிட்டர் வரவேண்டிய ரெசின் 130-லேயே நிறம் மாறி, தீர்ந்துபோயிடுது. ஆர்.ஓ. தண்ணீரின் பி.எச். 5.8. கரைந்த கார்பன் டை ஆக்சைடு மெம்பிரேனைத் தாண்டி வந்து ரெசினைத் தின்கிறது என்பதே என் கணிப்பு; டி.டி.எஸ். மீட்டரில் அது கிட்டத்தட்ட தெரியாது. மெம்பிரேனுக்கு முன்னால் பி.எச். ஏற்றலாம், ஆனால் இவ்வளவு கடினமான தண்ணீரில் சுண்ணாம்பு படிந்துவிடும்.

ஆர்.ஓ. தண்ணீரை மூடிய டிரம்மில் பிடித்து, மீன்தொட்டி ஏர் பம்பால் காற்று விட்டு, பிறகு ரெசினுக்கு அனுப்பியவர்கள் யாராவது உண்டா? எத்தனை மணி நேரம் விட்டீங்க, பி.எச். எவ்வளவு ஏறியது, ரெசின் கூடுதலாக எத்தனை லிட்டர் தந்தது? இல்லை, இரண்டாவது மெம்பிரேன் போடுவதுதான் மேலா?